கடைசி ஆண்டுக் கட்டணத்தை ஜனவரியிலேயே பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளிலிருந்து உங்கள் நாளிதழில் உயர்கல்விப் பக்கங்கள் வர ஆரம்பித்துவிடும். எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, கலந்தாய்வு எப்போது, கல்விக்கடனுக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று எல்லாம் இருக்கும். அவற்றில் பலவற்றைக் கத்தரித்து எங்கள் அலுவலகச் சுவரில் நானே ஒட்டியிருக்கிறேன். ஆனால் அத்தனையும் கல்லூரிக்குள் நுழையப் போகிற பிள்ளைகளுக்கானவை. உள்ளே வந்து இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ எப்படியோ கட்டிவிட்டு, கடைசி வருஷம் கட்ட வழியில்லாமல் நிற்கிற பிள்ளைக்காக ஒரு பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தனியார் கல்லூரி ஒன்றின் கட்டணக் கவுன்டரில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். என் மேஜைக்கு மூன்று இழுப்பறைகள். முதலாவதில் ரசீதுப் புத்தகம், முத்திரை. மூன்றாவதில் என் சொந்தச் சாமான்கள். நடுவில் இருந்த இழுப்பறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு செமஸ்டர் தேர்வுக்கும் முந்தைய வாரம் ஹால் டிக்கெட்டுகள் துறைவாரியாகக் கட்டுக்கட்டாக வரும். பாக்கி இல்லாதவர்களுடையது துறைத் தலைவரிடம் போய்விடும். பாக்கி உள்ளவர்களுடையது ரப்பர் பேண்டு போட்டு என் நடு இழுப்பறைக்கு வரும். பிள்ளைகளுக்கு இது தெரியும். கவுன்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மேடம், என்னோடது டிராயர்லயா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். ஆமாம் என்று தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது.

முதலாண்டுப் பிள்ளைகளின் ஹால் டிக்கெட் அந்த இழுப்பறைக்கு அதிகம் வராது. கடைசி ஆண்டுப் பிள்ளைகளுடையதுதான் நிறைய வரும். ஆரம்பத்தில் எனக்கு இது புரியவில்லை. மூன்று வருஷம் கட்டியவர்களுக்கு நான்காவது வருஷம் மட்டும் ஏன் முடியாமல் போகிறது என்று நினைத்திருக்கிறேன். பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்கக் கேட்கப் புரிந்தது. பிள்ளை சேரும்போது வீட்டில் இருந்த சேமிப்பு முழுதும் இறங்கிவிடுகிறது. அடுத்த வருஷம் நகை அடகுக்குப் போகிறது. அதற்கு அடுத்த வருஷம் சொந்தக்காரர்கள், சீட்டுப் பணம். கடைசி வருஷம் வரும்போது அடகு வைக்க நகையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அதே வருஷம்தான் பெரும்பாலும் தம்பியோ தங்கையோ கல்லூரிக்கு வருகிறார்கள். வீட்டில் பணம் இருந்தால் புதிதாகச் சேரும் பிள்ளைக்குத்தான் முதலில் போகும். பெரியவன் எப்படியும் உள்ளே இருக்கிறானே, கல்லூரி அவனை விட்டுவிடவா போகிறது என்று நினைப்பார்கள். கூடவே ப்ராஜெக்ட் செலவு, வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு ஒரு தொகை, கடைசியில் பட்டச் சான்றிதழுக்கு ஒரு தொகை என்று அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் புதுச் செலவுகள். இதற்கு நடுவில் அப்பாவுக்கு ஓர் அறுவை சிகிச்சையோ, அவர் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைப்போ வந்துவிட்டால் அவ்வளவுதான்.

ஒரு மாலையை என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் காலை தேர்வு. ஐந்தரை மணிக்கு ஒருவர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கம்பிக்கு அடியில் தள்ளினார். கட்ட வேண்டியது 40,000 ரூபாயும் 500 ரூபாய் அபராதமும். நான் எண்ணினேன். 38,500 இருந்தது. மறுபடி எண்ணினேன், அதேதான். அவர் முகம் மாறிவிட்டது. "அம்மா, நாப்பதாயிரம்தானே வாங்கினேன்" என்றார். பிறகு அவரே நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அஞ்சு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். கொடுத்தவர் முதல் மாத வட்டி 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 38,000 கொடுத்திருக்கிறார். வாங்கிய அவசரத்தில் இவர் எண்ணிப் பார்க்கவில்லை. அபராதத்துக்கென்று தனியாக வைத்திருந்த 500 மட்டும் சரியாக இருந்தது. அந்தப் பெண் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் ஒருவர் இரண்டு சக்கர வண்டியில் வந்து மீதி 2,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனபோது மணி ஏழேகால். நான் கவுன்டரை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுத்தபோது அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லக்கூடக் குரல் வரவில்லை.

அஞ்சு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய், வருஷத்துக்கு 60 சதவீதம். வங்கிக் கல்விக்கடனின் வட்டி அதில் கால் பங்குகூட வராது. அதுவும் படிக்கும் காலத்தில் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணையும் கட்ட வேண்டியதில்லை. அவர் வங்கிக்குப் போகாமல் இல்லை. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு போயிருக்கிறார். "கடைசி வருஷத்துக்கெல்லாம் லோன் வராதுங்க, ஃபர்ஸ்ட் இயர்லயே வந்திருக்கணும்" என்று கவுன்டரிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

அப்படி ஒரு விதி கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். இந்திய வங்கிகள் சங்கம் 2001-இல் கொண்டுவந்து பிறகு திருத்தி வந்திருக்கிற மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தைத்தான் வங்கிகள் பின்பற்றுகின்றன. படிப்பின் நடுவில் இருப்பவர் மீதமுள்ள காலத்துக்கு மட்டும் கடன் கேட்கலாம். நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையோ மூன்றாம் நபர் ஜாமீனோ வேண்டாம். பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். இந்தத் தொகைக்குக் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டும் என்பதும் இல்லை. ஒரு வருஷக் கட்டணம் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். விண்ணப்பத்தின் மீது 15 நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுப்பதானால் அடுத்த மேலதிகாரியின் ஒப்புதலோடுதான் மறுக்க வேண்டும். கவுன்டரில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது மறுப்பே ஆகாது. கல்விக்கடனுக்கென்று 2015-இல் தொடங்கிய வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு எண் வந்துவிடும். எப்போது விண்ணப்பித்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

வட்டி மானியமும் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வியோ தொழில்நுட்பப் படிப்போ படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் உரிய வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009-இலிருந்து இருக்கிறது. கல்லூரிக்கும் அதில் சில தகுதிகள் கேட்கிறார்கள், அதை முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி என்ற புதிய கல்விக்கடன் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே. தன் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை என்று தெரிந்ததும் கடனே கிடைக்காது என்று திரும்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து திரும்பிவிடாதீர்கள். பழைய சாதாரணக் கல்விக்கடன் அப்படியேதான் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, வங்கியை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் ஒதுங்க முடியாது. கடன் கேட்கப் போகும் பிள்ளைக்கு இரண்டு காகிதங்கள் முக்கியம். இங்கே படிக்கிறார் என்ற போனஃபைடு சான்றிதழ் ஒன்று. எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கட்டண விவரச் சான்று இன்னொன்று. இரண்டும் எங்கள் அலுவலகத்திலிருந்துதான் போக வேண்டும். மார்ச் மாதத்தில் ஒரு பையன் வந்து அடுத்த வருஷத்துக்குக் கட்டண விவரம் கேட்டால், "இன்னும் முடிவாகலை தம்பி, ஜூன்ல வா" என்று சொல்லியிருக்கிறேன். ஒருமுறை இருமுறை இல்லை, வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லத்தான் எங்களுக்கு உத்தரவு. ஜூனில் வந்தால் அட்மிஷன் நெரிசல். முதல்வர் கையெழுத்துக்கு ஒரு வாரம், சில சமயம் பத்து நாள். அந்தக் காகிதத்தோடு அவன் வங்கிக்குப் போகும்போது ஜூலை பிறந்துவிடும். வங்கி ஒரு மாதம் எடுத்துக்கொண்டால் கட்டணத்துக்குக் கடைசித் தேதி தாண்டியிருக்கும். பிறகு அபராதம், பிறகு என் நடு இழுப்பறை, பிறகு அஞ்சு வட்டி. அப்பா பொறுப்பில்லாதவர் என்றோ பையன் சொல்லவில்லை என்றோ நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அவன் மார்ச்சிலேயே வந்து கேட்டது எங்கள் யார் நினைவிலும் இருக்காது.

உண்மையில் கட்டணத்தில் பெரும்பகுதி முந்தைய வருஷத் தொகைதான். மாறுவது பேருந்துக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் போலச் சில இனங்கள். அவற்றை உத்தேசமாகப் போட்டு ஜனவரியிலேயே ஒரு சான்று கொடுக்க எந்தத் தடையும் இல்லை. வங்கிக்கும் அதுவே போதும். இது எனக்குத் தெரிந்தும் நான் மேலே எழுதிக் கேட்கவில்லை என்பது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

பணம் இல்லாத பிள்ளை வந்து சொல்லமாட்டான். வெட்கம். முதலில் கவுன்டர் இருக்கும் வராந்தாவைத் தவிர்ப்பான். பிறகு வகுப்பாசிரியர் எல்லோர் முன்னாலும் பாக்கிப் பட்டியலைப் படிக்கும் நாளில் வரமாட்டான். பிறகு எங்காவது வேலைக்குப் போவான், இரவு வேலை, காலையில் எழ முடியாது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அதற்குத் தனியாக ஒரு தொகை கட்டி விலக்கு வாங்க வேண்டும். ரொம்பக் குறைந்துவிட்டால் தேர்வே எழுத முடியாது. கட்டணம் கட்டத்தான் வேலைக்குப் போனான், வேலைக்குப் போனதால் தேர்வை இழந்தான். இப்படி நின்றுபோன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஐந்து செமஸ்டர் வரை ஒரு அரியர்கூட இல்லாத பையன் ஒருவன் ஆறாவதில் காணாமல் போனான். அவன் அப்பா ஒரு நாள் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். பதிவேட்டைத் திருப்பி நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, "இதுவரைக்கும் கட்டினது எதுவும் கணக்குல வராதாம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பட்டப்படிப்பில் முக்கால்வாசி முடித்தவனுக்கும் எதுவுமே படிக்காதவனுக்கும் வேலை கேட்கும் இடத்தில் வித்தியாசம் இல்லை.

அரசு உதவிகளையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தேர்வுக் கட்டணத்துக்கும் பேருந்துக்கும் அது கைகொடுப்பதை நேரில் பார்த்தேன். ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு அது காணாது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. உதவித்தொகை வாங்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். கடைசி வருஷ ப்ராஜெக்ட் அலைச்சலில் தேதியை விட்டுவிட்டு, பணம் வந்துவிடும் என்று நம்பிக் கவுன்டருக்கு வந்து ஏமாந்து நின்றவர்களை வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்த்திருக்கிறேன்.

கல்லூரிகளின் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. கட்டணம் தாமதமானால் எங்கள் சம்பளமும் தாமதமாகும். அந்த நடு இழுப்பறையில்தான் என் சம்பளமும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கியை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வசூலிக்கும் வழியை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். சேரும்போது வாங்கும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன் வசம் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. பள்ளிகள் தொடர்பான வழக்கில், மாற்றுச் சான்றிதழைக் கட்டண பாக்கி வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. ஹால் டிக்கெட்டையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும். வேலைக்கான கடிதம் கையில் இருந்தும், பாக்கிக்காகச் சான்றிதழ் நிறுத்தப்பட்டதால் சேர முடியாமல் தவித்த பையனைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் கொடுத்திருந்தால் முதல் இரண்டு மாதச் சம்பளத்திலேயே பாக்கி தீர்ந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் படிக்கும் ஒவ்வொருவருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஜனவரி மாதத்தில் அடுத்த ஆண்டுக் கட்டண விவரச் சான்றைக் கல்லூரி கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் கேட்கும் வெட்கம் யாருக்கும் வராது. ஏழை யார், வசதியானவர் யார் என்று வகுப்பில் தெரியாது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா அப்பா அன்றைக்கே உட்கார்ந்து பேசுவார்கள். கடன் வேண்டுமென்றால் ஜூனுக்கு முன் ஐந்து மாதம் கையில் இருக்கும். கூடவே, கடனுக்கு விண்ணப்பித்துப் பதிவு எண்ணைக் காட்டுகிற பிள்ளையின் ஹால் டிக்கெட்டை முடிவு வரும்வரை நிறுத்தக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கடைசித் தேதிக்கு முன்னால் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வாருங்கள். எவ்வளவு இப்போது முடியும், மீதி எந்தத் தேதியில் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். அப்பாவையோ அம்மாவையோ கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் அப்படி முன்கூட்டி வந்தவர்களுக்கு அநேகமாக எல்லோருக்கும் இரண்டு தவணை கிடைத்தது. தேதி தாண்டி வந்தவர்களுக்குத்தான் அபராதமும் அலைச்சலும். கவுன்டரில் இருப்பவர் முறைப்பாகத் தெரியலாம். பயப்படாமல் கேளுங்கள். நாங்களும் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான்.

அந்த மஞ்சள் பைக்காரரின் மகள் எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றாள். பட்டச் சான்றிதழ் வாங்க வந்த அன்று, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "இன்னும் வட்டி கட்டிட்டிருக்கார் மேடம், நான் வேலைக்குப் போனதும் முடிச்சிருவேன்" என்றாள்.

நான் கேட்கிற கட்டண விவரச் சான்றின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். கல்லூரியின் பெயரும் தொகையும் நிரப்பிக் கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. வரும் ஜனவரி முதல் வாரத்தில் அதற்கு உங்கள் நாளிதழில் இடம் ஒதுக்கினால், கத்தரித்துச் சுவரில் ஒட்ட எத்தனையோ கல்லூரி அலுவலகங்களில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலக ஊழியர்
(என் பெயரையும் முகவரியையும் தனித் தாளில் எழுதியுள்ளேன். வெளியிட வேண்டாம்.)